பெயர் மாறா வரம் வேண்டி ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: பழைய புல்லட் ஒன்றை ஓட்டிக்கொண்டிருப்பவர் (உரிமையாளர் என்று எழுதத் துணிவில்லை)

பெறுநர்: உயர்திரு வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்

பொருள்: பழைய இருசக்கர வாகனங்களுக்குப் பெயர் மாற்றத்தை அடியோடு ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 50.

ஐயா,

தாம்பரத்திலிருந்து அம்பத்தூருக்கு வேலைக்குப் போய்வருகிறேன். புறவழிச்சாலையில் லாரிகளுக்கு நடுவே நூறு சி.சி. வண்டியில் போக உயிர் பயப்படுகிறது; புது 350 வாங்கச் சம்பளம் பயப்படுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல், 350 சி.சி. வரை ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40 என்று அரசே எளியவர்க்கும் வசதியானவர்க்கும் நடுவே கோடு கிழித்துவிட்டது. எனவே 346 சி.சி. பழைய புல்லட் வாங்கிய நான், நான்கு சி.சி. வித்தியாசத்தில் ஏழை என்பதைத் தங்கள் கனிவான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

விற்றவர் வேப்பமரத்தடிப் புரோக்கர். “டாக்டர் ஓட்டின வண்டி சார், இன்ஜினைப் பிரிக்கவே இல்ல” என்றார். கிளட்ச் வழுக்குவதையும் செயின் ஸ்ப்ராக்கெட் தேய்ந்திருப்பதையும் காட்டி விலையைக் குறைத்தேன். சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒத்துப் பார்த்தேன், பொருந்தியது. பொருந்தாதது பெயர்தான். ஆர்.சி.யில் இருந்தவர் டாக்டர் அல்ல. புரோக்கர் அவரைப் பார்த்ததுகூட இல்லை. நடுவில் மூன்று பேர் ஓட்டித் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

“அதுக்கென்ன சார், ஃபாரம் 29-லயும் 30-லயும் முதல் ஓனர் கையெழுத்து இருக்கு. பேரும் தேதியும் நீங்க எப்ப வேணா எழுதிக்கலாம்.”

விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் தகவல் தர வேண்டும் என்கிறது சட்டம். அதை மதித்துத் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். பதிவிலுள்ள கைப்பேசிக்கு ஓ.டி.பி. போகும், வாங்கி வா என்றார்கள். அந்த எண் உபயோகத்தில் இல்லை. எண்ணை மாற்ற உரிமையாளர் வர வேண்டுமாம். உரிமையாளரைப் பிடிக்க எனக்கு எண் வேண்டும். வாசலில் நின்ற ஒருவர் மட்டும் “செஞ்சிடலாம் சார்” என்று விரல்களைக் காட்டினார். மத்திய விதிப்படி மோட்டார் சைக்கிள் பெயர் மாற்றக் கட்டணம் 150 ரூபாய். அவர் விரல் ஒவ்வொன்றும் ஆயிரம்.

வீடு திரும்பி யோசித்தபோதுதான், பெயர் மாறாமலிருப்பதன் அருமை விளங்கியது. நான் சிக்னலைத் தாண்டினால் இ-சலான் ஆர்.சி.யில் உள்ளவருக்குப் போகும். பல கை மாறிய ஒரு காரின் விபத்து வழக்கில், பதிவேட்டில் பெயர் இருப்பவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆக, நான் யார்மேல் மோதினாலும் பதில் சொல்ல ஒருவர் எங்கோ நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறார். வண்டி விற்ற காசு அவருக்கு என்றோ கரைந்திருக்கும். வண்டியின் பாவங்கள் மட்டும் இன்னும் அவர் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கின்றன.

ஆகவே, கீழ்க்கண்டவற்றைப் பரிசீலிக்கப் பணிவுடன் வேண்டுகிறேன்:

1. படிவம் 29-இல் வாங்குபவர் பெயருக்கும் தேதிக்கும் உள்ள இடங்களை நீக்கிவிடலாம். மரத்தடியில் யாரும் நிரப்புவதில்லை, மையாவது மிஞ்சும்.

2. முதன்முதலாக வண்டி வாங்குபவரிடம், ‘எனக்குப் பின் ஓட்டப்போகும் அனைவரின் அபராதங்களையும் ஆயுள் முழுதும் கட்டுவேன்’ என்று ஷோரூமிலேயே எழுதி வாங்கிவிடலாம். நடைமுறையில் இருப்பதுதான், அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும், அவ்வளவே.

3. பதிவுபெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்துத் தகவல் கொடுத்தால், அவரையே உரிமையாளராகக் கருதும் விதி 2023 ஏப்ரல் முதல் இருக்கிறது. ‘விற்றுவிட்டேன், இன்னாரிடம் கொடுத்தேன்’ என்று விற்றவர் கைப்பேசியில் தெரிவித்த அன்றே பொறுப்பு கைமாறும்படி, இதை மரத்தடிக்கும் விரிவாக்கலாமே என்று சில விஷமிகள் கேட்கிறார்கள். தயவுசெய்து காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அப்புறம் வாசலில் நிற்பவர் பிழைப்பு என்னாவது?

இம்மனுவின் மீது நடவடிக்கை ஏதும் எடுப்பதானால், பதிலை ஆர்.சி.யில் உள்ள முகவரிக்கே அனுப்பிவைக்கவும். எனக்கு வர வேண்டியதெல்லாம் அவருக்குத்தான் போகிறது.

இப்படிக்கு,
தங்கள் பதிவேட்டில் இல்லாத,
ஐந்தாவது ஓனர்