கைக்குழந்தையுடன் கோடைப் பயணம்: சின்னாறு வழித்தடத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

மூணாறு கேரளத்தில் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறையும் கேரளத்தில்தான் இருக்கிறது. ஆனால் பாலக்காட்டுக்கும் இடுக்கிக்கும் நடுவே திருச்சூரும் எர்ணாகுளமும் உட்கார்ந்திருப்பதால், கொழிஞ்சாம்பாறைக் குடும்பம் ஒன்று மே மாதத்தில் மூணாறு போக நினைத்தால், கோபாலபுரத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பொள்ளாச்சியும் உடுமலையும் கடந்து, ஒன்பதாறு சோதனைச்சாவடி தாண்டிச் சின்னாறில் மறுபடி கேரளத்துக்குள் ஏறுவதே சுருக்கு வழி. வளர்ந்தவர்களே குழம்பும் இந்தப் பாதையில் ஏழு மாதக் குழந்தையையும் சேர்த்தால் என்ன நடக்கும் என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். முன்னோடி ஆய்வுகள் கிடைக்கவில்லை. தொடங்கியவர்கள் பாதியில் தூங்கிப்போயிருக்கலாம்.

எமது கருதுகோள்: இவ்வழியில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பது பிழை. தூக்கமே அலகு. கோபாலபுரம் முதல் பொள்ளாச்சி வரை அரைத் தூக்கம். பொள்ளாச்சி முதல் உடுமலை வரை ஒரு தூக்கம், ஆனால் முன்சீட்டிலிருந்து யாராவது திரும்பி, “தூங்கிட்டானா?” என்று கேட்காதிருந்தால் மட்டுமே. கேட்டால் அந்த நொடியே அலகு செல்லாது. வேகத்தடைகளைவிட இக்கேள்வியே பயணத்துக்குப் பெருந்தடை என்பது களத்தில் உறுதியானது. உடுமலையிலிருந்து மூணாறு வரை, அதாவது எண்பத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்துக்கு, இரண்டு தூக்கமும் ஓர் அழுகையும் ஆகும்.

குதிரான் வழியே போக வேண்டும் என்று வாதிடும் எதிர்த்தரப்பும் உண்டு. 2021 ஜூலை 31 அன்று சுரங்கப்பாதை திறந்ததிலிருந்து இவர்கள் குரல் ஓங்கியிருக்கிறது. அங்கமாலி, கோதமங்கலம், 1935-இல் கட்டிய நேரியமங்கலம் பாலம், அடிமாலி என்று போனால் வழிநெடுக ஆஸ்பத்திரி, ஓட்டல், மருந்துக்கடை எல்லாம் இருக்குமாம். இருக்கும்தான். லாரிகளும் இருக்கும். தேனியைச் சுற்றி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட போடிமெட்டு வழியே வரலாம் என்றார் பெரியப்பா ஒருவர். அவர் காரில் வரப்போவதில்லை என்பதால் அக்கருத்து ஏற்கப்படவில்லை.

புறப்படும் நேரத்துக்குத் தனி அத்தியாயமே வேண்டும். பாலக்காட்டு வெயில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டக்கூடியது. ஆகவே காலை ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும் என்பது திட்டம். சனிக்கிழமை ஆறு மணிக்குக் குழந்தை பால் குடிக்கும். ஆறரைக்குக் கக்கும். ஏழுக்குச் சட்டை மாற்றப்படும். ஏழேகாலுக்குப் புதுச் சட்டையும் மாற்றப்படும். எட்டே முக்காலுக்கு எல்லோரும் காரில் ஏறியபின், பாட்டி திருஷ்டிப் பொட்டு வைக்க மறந்தது நினைவுக்கு வரும். பொட்டு வைத்து முடிப்பதற்குள் மணி ஒன்பதாகிவிடும். சனிக்கிழமை ஒன்பது முதல் பத்தரை வரை ராகு காலம். இப்படியாக, ஆறு மணித் திட்டம் பத்து முப்பத்தொன்றுக்குச் சரியாக நிறைவேறுகிறது. வெயில் மட்டும் பஞ்சாங்கம் பார்க்காமல் ஆறு மணிக்கே புறப்பட்டிருக்கும்.

மூட்டை பற்றி: ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும் என்பது பாடப்புத்தகம். மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரம். எனவே ஒரே நாளுக்கு இரண்டு பருவங்களின் துணி தேவை. துணி நாப்கினே வேண்டும் என்று பாட்டி பிடிவாதம் பிடித்தால், மழை மறைவுப் பகுதியான மறையூரில் துவைப்பது அறிவு. அங்கே சந்தன மரங்களுக்கும் வெல்லம் காய்ச்சும் ஆலைகளுக்கும் நடுவே எதுவும் காயும். மூணாறு மூடுபனியில் உலர்த்திய துணி மறுநாள் கூடுதல் ஈரத்தோடு கைக்கு வரும். அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், “கேப்பங்கஞ்சி வேகவே மாட்டேங்குது, அம்மிணி” என்ற பாட்டியின் புகாருக்கு இயற்பியல் ஆதரவு உண்டு. இன்னும் கொஞ்சநேரம் அடுப்பில் வைத்தால் வெந்துவிடும் என்பதையும் அதே இயற்பியல் சொல்கிறது. அதைப் பாட்டியிடம் சொல்ல ஆள் கிடைக்கவில்லை.

குழந்தை எங்கே உட்காருவது? 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, பதினான்கு வயதுக்குட்பட்டவரைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. 2024 அக்டோபரில் கேரளப் போக்குவரத்து ஆணையர் குழந்தை இருக்கையைக் கட்டாயமாக்கப் போவதாகச் சொல்ல, அமைச்சர் அப்போதைக்கு அபராதம் கிடையாது என்று சொல்லிவிட்டார். பாட்டி இதைத் தன் மடிக்குக் கிடைத்த அங்கீகாரமாக எடுத்துக்கொண்டார். அபராதம் இல்லையென்றாலும் மலைப்பாதையில் பிரேக் போட்டால் மடி தாங்காது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஆய்வாளருக்கு நகைச்சுவை கிடையாது: இருக்கையை வாங்கிவிடுங்கள்.

ஒப்பீட்டுக்கு, இந்த எல்லையில் நன்கு பதிவான கோடைப் பயணம் ஒன்றைக் காட்டலாம். 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் பிடித்துப் பெரியார் புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட அரிக்கொம்பன் என்ற காட்டு யானை, மே மாதக் கடைசியில் கம்பம் நகரத் தெருவுக்கே நடந்து வந்தது. கழுத்துப் பட்டையில் செயற்கைக்கோள் கருவி இருந்ததால் ஒவ்வொரு அடியும் பதிவானது. பையும் இல்லை, ராகு காலமும் இல்லை, “எத்தனை மணிக்கு வருவே?” என்று போனும் இல்லை. ஆனால் ஜூன் 5 அன்று தமிழக வனத்துறை பிடித்து லாரியில் ஏற்றியது. திட்டமிடாத பயணத்துக்கு இதைவிட வலுவான எச்சரிக்கை எமக்குக் கிடைக்கவில்லை.

கடைசியாக வாந்தி. மறையூர் ஏற்றத்தில் குழந்தை வாந்தி எடுக்கும் என்ற அச்சத்தில் நான்கு துண்டு, இரண்டு பழைய சேலை, ஒரு பிளாஸ்டிக் வாளி, கையுறை ஆகியவை எடுத்துச் செல்லப்படுகின்றன. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பயண வாந்தி வருவது அரிது. எனவே குழந்தை வளைவுதோறும் சிரித்துக்கொண்டே வரும். தாய்மாமனுக்குத்தான் வரும். அவருக்கென்று யாரும் ஒரு எலுமிச்சம்பழம்கூட எடுத்துவரவில்லை.