ஒயர் சார்

ஒயர் சார் வீட்டுக்கு நீங்கள் பாட்டுக் கேட்கப் போனால் முதல் வேலையாக மின்விசிறியை நிறுத்துவார். மே மாதமாயிற்றே என்பதெல்லாம் அங்கே செல்லாது. அடுத்து ஜன்னல், அடுத்து கதவு, கடைசியாக பிரிட்ஜ். "கம்ப்ரசர் ஓடினா லைன்ல நாய்ஸ் வரும்" என்பார். பால் திரிந்துபோகும் என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் வரும். அந்த நாய்ஸை மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை. பிறகு உங்களைச் சோபாவின் நட்டநடுவில் உட்கார வைத்து, தோளைப் பிடித்து இரண்டு அங்குலம் இடப்பக்கம் நகர்த்துவார். "இப்ப சரி. தலையை மட்டும் ஆட்டாதீங்க."

பாட்டுக் கேட்கும்போது தலையை ஆட்டக் கூடாது என்று சென்னையில் சொல்லத் துணிந்த ஒரே இனம் இது.

பேட்டைக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். வங்கியிலோ பொதுத்துறையிலோ இருந்து ஓய்வு பெற்றவராக இருப்பார். மகன் அமெரிக்காவில். பையன் ஊருக்கு வரும்போது மற்ற அப்பாக்கள் பாதாம் பருப்பு கேட்பார்கள். இவர் ஒன்றரை மீட்டர் கேபிள் கேட்பார். இளமையில் ரிச்சி தெருவில் உதிரிபாகம் பொறுக்கி வந்து தானே ஆம்ப்ளிஃபயர் செய்தவர்தான். அப்போது ஸ்பீக்கருக்குப் போன ஒயர், ஹார்டுவேர் கடையில் கெஜக்கணக்கில் வெட்டித் தந்தது. அதில் கேசட்டின் இரண்டு பக்கமும் தீரும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது பாட்டு தொடங்கி நாற்பது விநாடியில் ரிமோட்டைத் தேடுகிறார்.

அந்த நாற்பது விநாடிகள் எவை என்பதும் மாறாது. இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்?' ஆல்பம் 1986-இல் வந்தது. அதன் தொடக்கம் இவருக்கு நரம்பு நரம்பாகத் தெரியும். எப்படி முடிகிறது என்று கேட்டுப்பாருங்கள், பேச்சை மாற்றுவார்.

"இது பழைய கேபிள்" என்று ஒருமுறை போடுவார். எழுந்து போய், ரேக்குக்குப் பின்னால் பாதி உடம்பு மறையக் குனிந்து, மூச்சு வாங்க எதையோ கழற்றி எதையோ மாட்டுவார். முழங்கை கனத்தில் சாரைப்பாம்பு மாதிரி ஒன்று தரையில் நெளியும். மறுபடி அதே நாற்பது விநாடி. "கேட்டீங்களா? வயலின் ஒரு அடி பின்னால போயிடுச்சு. பேஸ் எப்படி இறுகியிருக்கு பாருங்க." நீங்கள் வியர்வையைத் துடைத்தபடி ஆமாம் என்கிறீர்கள். மின்விசிறி போட வேறு வழி இல்லை.

அவருக்கு இயற்பியல் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். பி.எஸ்சி. ஃபிசிக்ஸ், முதல் வகுப்பு. செம்பைவிட வெள்ளி நன்றாக மின்சாரம் கடத்தும் என்பார். உண்மைதான், சுமார் 6 சதவீதம். 2.5 சதுர மில்லிமீட்டர் சாதாரணச் செம்புக் கம்பியில் போகவர ஆறு மீட்டர் இழுத்தால் மின்தடை ஏறத்தாழ 0.04 ஓம், ஸ்பீக்கர் 8 ஓம் என்று நீங்கள் கணக்குச் சொன்னால் அதையும் ஒப்புக்கொள்வார். ஸ்பீக்கரின் வயிற்றுக்குள் வாய்ஸ் காயில் என்று மெல்லிய கம்பி பல மீட்டர் சுற்றிக்கிடக்கிறதே, அது என்ன ஏழு ஒன்பது சுத்தமா என்று கேட்டால்தான் முகம் வாடும். (99.99999 சதவீதச் செம்புக்கு இந்த வட்டாரத்தில் அதுதான் செல்லப்பெயர்.)

ஸ்பீக்கர் கேபிளின் மேல் ஒரு அம்புக்குறி இருக்கும். அந்தத் திசையில்தான் மாட்ட வேண்டுமாம். உள்ளே ஓடுவதோ மாறுமின்னோட்டம். 440 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்று விநாடிக்கு 880 தடவை திசை மாறுகிறது. அம்பு மட்டும் மாறாமல் ஸ்பீக்கரையே காட்டிக்கொண்டிருக்கிறது. ஒருவழிப் பாதைப் பலகையை நம் ஊர் வண்டிகள் மதிக்கிற அளவுக்குத்தான் எலெக்ட்ரானும் மதிக்கும் என்பது என் அபிப்பிராயம்.

ஆனாலும் அவர் பொய் சொல்வதில்லை. வித்தியாசம் அவருக்கு நிஜமாகவே கேட்கிறது. கேபிளை மாற்றிவிட்டு வந்து உட்காரும்போது தலை ஒரு சாண் தள்ளிப்போனால்கூடக் காதில் விழும் ஒலி மாறும். வால்யூம் குமிழை மறுபடி திருகும்போது மயிரிழை கூடிப்போனால், சத்தம் கூடியது என்று காது சொல்லாது. நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லும். இதற்கு மேல், கொடுத்த காசும் ஒரு காது வைத்திருக்கிறது.

சரி, கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்கலாமே என்று ஒருநாள் கேட்டேன். அவரிடம் பதில் தயாராக இருந்தது. "பரீட்சைன்னு வந்துட்டாலே காது பதறும் சார். ரிலாக்ஸா இருந்தாத்தான் கேட்கும்." அமெரிக்காவில் மோசடிகளை அம்பலப்படுத்திவந்த ஜேம்ஸ் ராண்டி 2007-இல் இதே சவாலை விட்டார். 7,250 டாலர் ஸ்பீக்கர் கேபிளைச் சாதாரணக் கேபிளிலிருந்து காதாலேயே பிரித்துச் சொன்னால் பத்து லட்சம் டாலர். நாள்கணக்கில் பேச்சுவார்த்தை நடந்தது, சோதனை நடக்கவேயில்லை. ஒயர் சாரிடம் இதைச் சொன்னேன். "அவர் மேஜிக்காரர்தானே" என்று முடித்துவிட்டார்.

வீட்டம்மாவுக்கு இந்தச் சமாச்சாரத்தில் பிடித்தது ஒன்றே ஒன்று. கேபிள் தரையில் படக் கூடாது, அதிர்வு ஏறும் என்று சின்னச் சின்னப் பீங்கான் தாங்கிகள் வாங்கி வரிசையாக நிறுத்தியிருக்கிறார். "அதுக்குக் கொடுத்த காசு மட்டும் வீண் போகலை. அடியில விளக்குமாறு நல்லாப் போகுது" என்றார் அந்தம்மா.

ஸ்பீக்கர் கேபிள் முடிந்ததும் பித்து சுவர் ஏறியது. இப்போது பவர் கார்டு. நெய்வேலியிலிருந்தோ கூடங்குளத்திலிருந்தோ புறப்பட்ட மின்சாரம் கோபுரம் கோபுரமாகத் தாண்டி, டிரான்ஸ்ஃபார்மரில் இறங்கி, தெருக்கோடிப் பில்லர் பாக்ஸில் எலியோடு குடித்தனம் நடத்தி, கட்டடக்காரர் மிச்சம் பிடித்த ஒயர் வழியாகச் சுவருக்குள் வந்து சேர்கிறது. அவ்வளவு பாவத்தையும் கடைசி ஒன்றரை மீட்டரில் கழுவிவிட வேண்டும். அந்த ஒன்றரை மீட்டரின் விலையில் எங்கள் தெருவில் மூன்று மாத வாடகை கொடுக்கலாம். ஜப்பானில் சிலர் பாட்டுக்கென்றே வீட்டு வாசலில் சொந்த மின்கம்பம் நட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று எங்கேயோ படித்துவிட்டு, குடியிருப்புச் சங்கத்தில் மெல்லப் பேச்செடுத்தார். செயலாளர் எழுந்து நின்றே மறுத்துவிட்டார்.

கம்பத்துக்குப் பதில் தனி எர்த் குழிக்கு அனுமதி கிடைத்தது. கார் நிறுத்துமிடத்தை ஒட்டிப் பத்தடி ஆழம். செப்புத் தகடு, உப்பு, கரி எல்லாம் போட்டு மூடியாயிற்று. வெயில் காலத்தில் மண் காய்ந்தால் எர்த் பிடிக்காது என்பதால் சாயங்காலம்தோறும் ஒரு குடம் தண்ணீரோடு இறங்கி வருகிறார். புதிதாகக் குடிவந்த கீழ்வீட்டுப் பெண்மணி நாலைந்து நாள் இதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நேற்று பக்கத்தில் போய் நின்றார்.

"என்ன சார் நட்டிருக்கீங்க?"

"பேஸ்மா" என்றார், குடத்தைச் சாய்த்தபடியே. "இன்னும் நூறு மணி நேரம் ஆகணும். அப்புறம் பாருங்க எப்படி வருதுன்னு."

"தொட்டியில வைக்கலாமா சார்?"