குடவோலையை முழுசாப் படி, அம்மிணி

ஏனம்மிணி, லைப்ரரிச் செவுத்துல நோட்டீசு ஒட்டியிருக்கறயாமா? எம் பேரன் படிச்சுக் காட்டுனான். சனவரி 25, வாக்காளர் தினம், மக்களாட்சியப் பத்திப் பேச்சு, உறுதிமொழி, கோலப்போட்டி, மாதிரி ஓட்டுப்பதிவு, டீ, வடை. வடையக் கடைசியில வெச்ச பாரு, அங்கதான் நீ கெட்டிக்காரி. மொதல்லயே குடுத்திருந்தீனா உறுதிமொழிக்கு நீயும் நானுந்தான் நிக்கோணும்.

25ஆந் தேதி எதுக்குன்னு எவனாச்சும் கேட்டா முழிக்காத. 1950ல குடியரசு பொறந்தது சனவரி 26. தேர்தல் ஆணையத்த அதுக்கு மொத நாளே ஆரம்பிச்சுப் போட்டாங்க, புள்ளை பொறக்கறதுக்கு முந்தியே மருத்துவச்சியக் கூட்டியாந்து திண்ணையில உக்கார வெச்சாப்பல. 2011ல இருந்து அந்த நாளை வாக்காளர் தினம்னு கொண்டாடறாங்க. இதுக்கு மேல அதப் பத்திப் பேசாத, சனம் தூங்கிரும்.

பேச வர்ற வாத்தியாரு கட்டாயம் உத்தரமேரூரத் தொடுவாரு. தொடாத பேச்சாளர நான் இன்னும் பாக்கலை. பராந்தக சோழன் காலத்துல, 919லயும் 921லயும், கோயில் செவுத்துல குடவோலை மொறைய வெட்டி வெச்சிருக்குது. ஊர்க் காரியம் பாக்கற வாரியத்துக்கு ஆளெடுக்க, ஓலையில பேரு எழுதிக் கொடத்துல போட்டு, ஒண்ணும் அறியாத சின்னப் பையன உட்டு எடுக்கச் சொன்னாங்க. ஆகவே உலகத்துக்கே ஓட்டுப் போடச் சொல்லிக் குடுத்தவன் தமிழன்னு முடிப்பாரு. இந்த எடத்துல கைதட்டு உழுகும். நீயும் தட்டு, மரியாதை. தட்டி முடிச்சுட்டு, "ஐயா, அந்தக் கொடத்துல பேரு போட என்ன தகுதி வேணுமுங்க"ன்னு மெதுவாக் கேளு. கால் வேலிக்கு மேல வரி கட்டற நெலம் வேணும். சொந்த மனையில ஊடு வேணும். வயசு 35க்குக் கொறையப்படாது, 70ஐத் தாண்டப்படாது. வேதம் படிச்சிருக்கோணும். அந்தூரே பிராமணங்களுக்கு உட்ட சதுர்வேதி மங்கலம். எங்கப்பாரு அடுத்தவன் தோட்டத்துல தண்ணி கட்டுனவரு, உங்கப்பாரு தறி ஓட்டுனவரு. ரண்டு பேரு ஓலையும் கொடத்துக் கழுத்தக்கூடப் பாத்திருக்காது.

அதுக்காகக் கல்வெட்ட மட்டமா நெனச்சராத. பேச்சாளருக வெடுக்குனு தாண்டிப் போற எடம் ஒண்ணு அதுல இருக்குது. வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் பேரு மறுக்காக் கொடத்துல உழுகப்படாது. அவன் மட்டுமா? அவங்கம்மாளோட அக்கா தங்கச்சி பசங்க, அத்தை பசங்க, மாமன், மாமனாரு, மருமகன், மச்சினன், ஒறம்பரை முச்சூடும் வெளிய. அத இன்னைக்கு அமல் பண்ணிப் பாரு, தேர்தல்ல நிக்கறதுக்கு ஆளு தேடி அசலூருக்கு வண்டி தாட்டி உடோணும்.

நம்ம மொடக்குறிச்சிக் கதையையும் சொல்லச் சொல்லு. 1996 சட்டமன்றத் தேர்தல்ல இங்க 1033 பேரு நின்னாங்க. வெவசாயிக கேட்டது எதுவும் யாரு காதுலயும் ஏறலைன்னு கோவத்துல போட்ட மனு. டெபாசிட்டு அப்ப 250 ரூவா. மத்த ஊருல எல்லாம் தேர்தல் முடிஞ்சு ஒரு மாசங்கழிச்சுத்தான் நமக்கு நடந்துச்சு. ஓட்டுச் சீட்டு பொஸ்தகமா வந்துச்சு, அம்மிணி! எழுத்தே தெரியாத கெழவிக எல்லாம் அன்னைக்கு ஒரு பொஸ்தகத்தப் பக்கம் பக்கமாப் பொரட்டுச்சுக. உங்க லைப்ரரிக்கு அந்தப் பெருமை இன்னுங் கெடைக்கலை. நின்னவங்கள்ல 88 பேருக்கு ஒத்தை ஓட்டுக்கூட உழுகலை. தன் ஓட்டையே தனக்குப் போடாதவன்னு அர்த்தம். ஊட்டுக்காரி போடாதது அவ புத்திசாலித்தனம். சர்க்காரு என்ன பண்ணுச்சுங்கற? என்னத்துக்குக் கோவம்னு கேக்கலை, அந்த வருசமே டெபாசிட்ட 5000 ஆக்கீருச்சு. இப்ப 10000. கோவத்துக்கும் வெலைவாசி ஏறிப்போச்சு.

அதனால ஓட்டுப் போடுங்க, ஓட்டுப் போடுங்கன்னு மைக்குல கத்தாத. சனம் வெய்யல்ல வரிசை கட்டி நின்னு போட்டுக்கிட்டுத்தான் இருக்குது. கணக்குக் கேக்கத்தான் அதுக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தத் தெளிய வெக்கறதுக்கு லைப்ரரிய உட்டா வேற எடமில்லை. வர்றப்ப ஊட்டு வரி ரசீத எடுத்துட்டு வரச் சொல்லு. அதுல நூலக வரின்னு தனியா ஒண்ணு இருக்கும், ரூவாய்க்குப் பத்துப் பைசா. 1948ல வந்த நூலகச் சட்டத்துல ஆரம்பிச்ச வரி. அப்பக் கல்வி மந்திரி அவிநாசிலிங்கம் செட்டியாரு, நம்ம திருப்பூருக்காரரு. ஆக, லைப்ரரிப் பக்கமே தலை வெச்சுப் படுக்காதவனும் உங்க பெஞ்சுக்குக் காசு குடுத்தவன். ஊராட்சி அத வசூல் பண்ணி மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டோணும். நம்மூருல எவ்வளவு வசூலாச்சு, எவ்வளவு கட்டுனாங்க, நம்ம கிளைக்கு எவ்வளவு திரும்பி வந்துச்சு? எல்லாரும் ஒட்டுக்கா உக்காந்து இத ஒரு வெள்ளைத் தாள்ல எழுதுங்க. உறுதிமொழி அதுக்கப்பறம் எடுத்தாப் போதும்.

மறுநாள் 26. கிராம சபை. ஓட்டு அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா, இது வருசத்துக்கு ஆறு வாட்டி. நூறு நாள் வேலைக்கு வந்த பொம்பளைகள உக்கார வெச்சு நோட்டுல கையெழுத்து வாங்கீட்டு, ஏகமனதா நெறவேறுச்சும்பாங்க. அங்க போயி இந்தத் தாள நீட்டோணும். நீ நீட்டாத, நீ சர்க்காரு சம்பளக்காரி. எங்கிட்டக் குடு. என்னைய என்ன பண்ணீருவாங்க, டிரான்ஸ்பர்ல தாளவாடிக்கா போடுவாங்க?

அப்பறம் அந்த மாதிரி ஓட்டுப்பதிவு. 17 வயசு முடிஞ்சதுகளுக்கு, வாக்காளர் பட்டியல்ல பேரு சேக்கற படிவம் 6ஐக் கையில குடுத்துரு, முன்கூட்டியே மனுப் போட்டு வெக்கலாம். ஆனாக் கத்தரிக்காயா வெண்டைக்காயான்னு வெளையாட்டு ஓட்டு வெக்காத. நெசமான வழக்கு ஒண்ணு இருக்குது. லைப்ரரியில இருக்கறது ஒத்தை ஃபேனு. அது பேப்பர் படிக்கற பெருசுக பக்கம் சுத்தோணுமா, பரீட்சைக்குப் படிக்கற புள்ளைக பக்கம் சுத்தோணுமா? இதுக்குப் பொட்டி வையி. கூட்டத்துக்கு வராதவனும் வருவான்.

பேப்பர் பெஞ்சு முச்சூடும் எம் பக்கம். பரீட்சைப் புள்ளைகள்லயும் ரண்டு பேருக்குக் கடலை உருண்டை வாங்கிக் குடுத்திருக்கறேன். நடத்தை விதி எப்ப இருந்து அமலுக்கு வருதுன்னு மட்டும் சித்தே முன்னாடியே சொல்லீரு அம்மிணி, அதுக்குள்ள மிச்சப் பேரையும் பாத்துப் போடறேன்.