முப்பது உயிர்க்காரர்

நீலகிரியில் இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். குன்னூர் பெட்போர்டில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பார். இல்லாவிட்டால் எஸ்டேட் ஆபீஸில் கொளுந்துக் கணக்கு எழுதுவார். எவனாவது பையன் போனில் ஃப்ரீ ஃபயர் ஆடிக்கொண்டிருந்தால் பின்னால் நின்று இரண்டு நிமிடம் எட்டிப் பார்ப்பார். அப்புறம் குரங்குக் குல்லாவை நெற்றிக்கு மேல் தள்ளிவிட்டுக் கேட்பார்: "தம்பி, கான்ட்ரா ஆடியிருக்கியா?"

அவ்வளவுதான். பையனின் டீ ஆறிப்போகும்.

கொனாமி கம்பெனியின் கான்ட்ரா 1987இல் காசு போட்டு ஆடும் எந்திரமாகப் பிறந்து, அடுத்த வருடமே நின்டெண்டோ பெட்டிக்குள் வந்துவிட்டது. மலையேறியபோது தொண்ணூறுகள் ஆகிவிட்டன. ஏறியதும் லிட்டில் மாஸ்டர், சாமுராய் என்று இங்கே விற்ற பெட்டிகளோடுதான். பர்மா பஜார் போன சித்தப்பா வாங்கி வந்த கேசட்டின் மேல் '99999 இன் 1' என்று அச்சடித்திருக்கும். எண்ணினால் பத்து ஆட்டம் தேறாது. அதே கான்ட்ரா வேறு வேறு நம்பரில் திரும்பத் திரும்ப வரும். அதை ஏமாற்று என்று இவர் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. "ஒவ்வொண்ணுலயும் ஆரம்பிக்கிற ஸ்டேஜ் வேறடா!"

அதிலும் மலையில் ஆடியவன் என்று தனிப் பெருமை உண்டு. ஜூலைச் சாரலில் கேசட்டின் தகடுகள் ஈரம் கோத்துக்கொள்ளும். ஊதினால் வாயின் ஈரமும் சேர்ந்துகொள்ளும். பென்சில் ரப்பரால் தேய்த்து, அடுப்பங்கரையில் காயவைத்து, அம்மாவிடம் திட்டு வாங்கிச் சொருகினால், லோ வோல்டேஜில் டயனோரா டிவியின் படம் நாலு பக்கமும் சுருங்கியிருக்கும். பாதியில் சேமித்து வைக்கிற வசதியெல்லாம் கிடையாது. எட்டாவது ஸ்டேஜில் கரண்ட் போனால் மறுபடி முதல் ஸ்டேஜ் காட்டிலிருந்துதான். ஜனவரியில் மட்டும் ஒரு சலுகை: அடாப்டர் சூட்டில் விரலைக் காய்ச்சிக்கொள்ளலாம்.

ஐந்தாவது ஸ்டேஜ் முழுக்கப் பனி. வெளியே தலைக்குந்தா பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். உள்ளே ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்ட நாலு பையன்கள், சட்டையே இல்லாமல் பனியில் ஓடுகிற கதாநாயகனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவன் வேற்றுக்கிரகத்து அரக்கர்களைச் சுடுவதையெல்லாம் நம்பினார்கள். சளி பிடிக்காததைத்தான் நம்ப முடியவில்லை.

மந்திரத்தைச் சொல்லாமல் விடமாட்டார். மேல மேல, கீழ கீழ, லெஃப்ட் ரைட், லெஃப்ட் ரைட், பி, ஏ, ஸ்டார்ட். மூன்று உயிர் முப்பதாகிவிடும். 1986இல் கிரேடியஸ் என்ற ஆட்டத்தை வீட்டுப் பெட்டிக்கு மாற்றிய கசுஹிசா ஹாஷிமோட்டோ, சோதித்துப் பார்க்கத் தனக்கே கஷ்டமாக இருக்கிறதென்று போட்டுக்கொண்ட குறுக்குவழியின் வாரிசு அது. இவரைக் கேட்டால், வெலிங்டனில் படித்த ஒரு சீனியர் அண்ணன்தான் கண்டுபிடித்தார் என்று சத்தியம் செய்வார். தான் மட்டும் மந்திரமே இல்லாமல், மூன்றே உயிரில் முடித்ததாகவும் சொல்வார். பார்த்த சாட்சிகள் எல்லாரும் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார்கள்.

வாத்து சுடும் டக் ஹன்ட் விஷயத்தில்தான் பாவம். பரணிலிருந்து பெட்டியையும் அதன் துப்பாக்கியையும் இறக்கி, புது எல்இடி டிவியில் மாட்டிச் சுடுவார். ஒரு வாத்தும் விழாது. புல்லுக்குப் பின்னாலிருந்து நாய் எழுந்து சிரிக்கும். அந்த நாயைச் சுடவும் முடியாது. "டிவி சரியில்ல" என்பார். வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் இந்த ஒன்றில் அவர் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. குதிரையை இழுத்த நொடியில் திரை கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். துப்பாக்கிக் குழாய்க்குள் இருக்கும் ஒளியுணரி அந்த வெள்ளையைப் பார்த்தால்தான் வாத்து செத்ததாகக் கணக்கு. ஆக, குண்டு டிவியிலிருந்து துப்பாக்கிக்கு வந்துகொண்டிருந்தது. பழைய பிக்சர் டியூப் டிவியில் படம் உடனே விழும். புது டிவி படத்தைச் சற்றுத் தாமதித்துக் காட்டும். அதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்துவிடுகிறது. ஆகவே வாத்து வேட்டை தேறாது.

கான்ட்ரா தேறும். இன்றைக்கும் தாவினால் தாவுகிறது, சுட்டால் சுடுகிறது. 'எஸ்' துப்பாக்கி கிடைத்து ஐந்து ஐந்தாகக் குண்டு விரிகிற சுகம் புது ஆட்டங்களில் ரொம்பக் குறைவு. தேறாதது இவருடைய கட்டைவிரல்தான்.

அது ஒருநாள் மகன் முன்னால் தெரியவரும். ஆன்லைனில் வாங்கிய கேம் ஸ்டிக்கைச் சொருகி, பக்கத்தில் உட்காரவைப்பார்.

"அப்பா, இதுல எங்க ஒளிஞ்சுக்கறது?"

"ஒளியிறதா? உங்க பப்ஜி மாதிரி புல்லுக்குள்ள படுத்துக் கிடக்கவா வந்தோம்? ஓடுடா!"

பையன் ஓடுவான். மூன்றாவது ஸ்டேஜ் அருவி. மேலே மேலே தாவி ஏற வேண்டும். ஒருவன் ஏறினால் திரையும் கூடவே ஏறும், கீழே தங்கியவன் செத்தான். பையன் மளமளவென்று ஏறுவான். "இருடா... நில்லுடா... டேய்!" என்று கீழிருந்து அப்பா ஒவ்வொரு உயிராக விட்டுக்கொண்டே இருப்பார். கடைசியும் போனபின் சத்தமில்லாமல் ஏ பட்டனை அழுத்துவார். அழுத்தினால் பக்கத்து ஆளின் கணக்கிலிருந்து ஓர் உயிரை எடுத்துக்கொள்ளலாம். அதை மட்டும் அவர் மகனுக்குச் சொல்லித் தந்திருக்கமாட்டார்.

"அப்பா, நான் சாகவே இல்ல. என் லைஃப் எப்படிக் குறையுது?"

"அது பழைய கேம்டா, அப்படித்தான். இந்தா, வர்க்கி சாப்பிடு."