நிலாவுக்கு ஒரு ரகரம்

கிறைஸ்ட்சர்ச்,
நியூசிலாந்து.

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

செந்தில் எழுதுவது. உங்கள் மருமகளுக்கு மசக்கை தெளிந்துவிட்டது. மாங்காய் கிடைக்காத குறைக்குக் கிவிப் பழத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தின்கிறாள்.

நீங்கள் அனுப்பிய பெயர்ப் பட்டியல் வந்தது. ஆணுக்கு ஒரு பக்கம், பெண்ணுக்கு ஒரு பக்கம், ஓரத்தில் பொருள் விளக்கம். பாளையங்கோட்டையில் அவ்வளவு காலம் தமிழ் வாத்தியாராக இருந்தவர் போட்ட பட்டியலில் குற்றம் காண எனக்குத் தகுதியில்லை. ஆனால் இந்த ஊர் நாக்குக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாதே!

இவர்கள் பேசுவது ஆங்கிலம்தான். ஆனால் உயிரெழுத்துகள் எல்லாம் ஒரு வீடு தள்ளிக் குடியேறியிருக்கின்றன. 'டான்' என்பவர் டென் ஆகிவிட்டார். எகரம் இகரத்தின் வீட்டுக்குப் போய்விட்டது. இகரம் போக்கிடமில்லாமல் தொண்டையிலேயே தங்கிவிட்டது. எங்கள் தெருவில் பென் என்று ஒரு பையன். குப்பை வண்டி வரும் நாளில் அவன் அம்மா "பின்!" என்று கத்தினால், வரவேண்டியது பையனா குப்பைத்தொட்டியா என்று எனக்கு விளங்குவதில்லை. அவர்களுக்குக் குழப்பமே கிடையாது. அவர்கள் வாயில் குப்பைத்தொட்டி 'பன்'!

செந்தில் ஆகிய நான் இங்கே 'சின்தோ'. எகரம் இகரமானது போக, கடைசி லகரத்தையும் உதட்டைக் குவித்து ஓகாரமாக்கி விழுங்கிவிடுகிறார்கள். தொலைபேசியில் மட்டும் பழகிய ஒருவர் என்னை நேரில் பார்த்ததும் திகைத்து, ஜப்பான்காரர் என்றல்லவா நினைத்திருந்தேன் என்றார். திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்து வைத்த பெயர், பெரியப்பா. இதே கணக்கில் உங்கள் 'தென்றல்' இங்கே 'தின்ட்ரோ'.

லகரத்துக்கு முன்னால் எகரம் வந்தால் விதி வேறு. அது அகரத்தின் பக்கம் சாயும். எலன் என்ற பெண்ணும் ஆலன் என்ற ஆணும் ஒரே ஒலிதான். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலும் இந்தப் பழக்கம் உண்டு. மெல்பர்ன்காரர்களில் பலர் சொந்த ஊரையே 'மால்பன்' என்கிறார்கள். எங்கள் அலுவலகத்தில் ஒரு எலனும் ஓர் ஆலனும் பக்கத்துப் பக்கத்து மேசை. யார் கூப்பிட்டாலும் இரண்டு தலை திரும்பும். ஆகவே 'செல்வி' இங்கே 'சால்வி'. ஆண்பிள்ளைக்கு நீங்கள் முதலாவதாக எழுதிய 'முகில்' இன்னும் மோசம். ஆங்கில எழுத்தில் அதைப் பார்த்தவர்கள் கண்ணில் காபி குடிக்கிற 'மக்' மட்டுமே படுகிறது. லகரத்தை விழுங்காதவர்களும் வாயைத் திறந்தால் 'மகல்'. மகன் பிறந்து, ஊரே அவனை மகளே என்று அழைப்பதை உங்கள் மருமகள் ஏற்கமாட்டாள்.

அடுத்து ரகரம். சொல்லின் கடைசியிலும் மெய்க்கு முன்னாலும் வரும் ரகரத்தை இங்கே ஒலிப்பதில்லை. 'ஆர்தர்' என்று எழுதுவார்கள், 'ஆத்தா' என்று படிப்பார்கள். அம்மா இங்கே வந்திருந்தபோது பக்கத்து வீட்டு வெள்ளைக்காரம்மா வேலிக்கு அந்தப்புறம் நின்று "ஆத்தா! ஆத்தா!" என்று கூவ, அம்மா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். காட்சி தந்தது உடம்பெல்லாம் சேறு பூசிய ஒரு பொடியன்.

ஆர்தரிடம் பறித்த ரகரத்தை இவர்கள் வீணாக்குவதுமில்லை. ஆகாரத்தில் முடியும் சொல்லை அடுத்து உயிர் வந்தால், இடையில் அதைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். உங்கள் பட்டியலின் 'நிலா'வை வைத்து 'நிலா இஸ்' என்றால் 'நீலாரிஸ்'. நமக்கு யகரமும் வகரமும் உடம்படுமெய் என்றால் இவர்களுக்கு ரகரம். நன்னூல் நடத்தும்போது இதைச் சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே விழித்திருப்பேன்.

இந்த அவஸ்தை நமக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். தெரிந்த வீடொன்றில் கணவர் அமெரிக்கர், மனைவி இந்த ஊர். அவருக்கு 'ஹார்ப்பர்' என்று வைக்க ஆசை. அவர் சொன்னால் இரண்டு ரகரமும் கணீரென்று விழும், மனைவி சொன்னால் 'ஹாப்பா'. மனைவிக்குப் பிடித்தது 'ஆரன்'. அதுவோ அமெரிக்காவில் பல இடங்களில் 'எரின்' என்ற பெண் பெயரோடு ஒன்றாகிவிடும் என்று கணவர் தட்டிவிட்டார். கடைசியில் 'நோவா' என்று வைத்துச் சமாதானமானார்கள். 2023இல் இந்த நாட்டு ஆண் குழந்தைகளுக்கு அதிகம் வைத்த பெயரும் அதுதான். யார் நாக்கும் இடற அதில் மேடு பள்ளம் இல்லை. பெயரின் அழகு பாதி அதைக் கூப்பிடுகிறவர் வாயில் இருக்கிறது என்பது என் கட்சி.

சர்க்காரும் பெயரைப் பார்க்கும். இடைவெளியோடு சேர்த்து 70 எழுத்தைத் தாண்டக்கூடாது. 'கிங்', 'பிரின்ஸ்' போன்ற பட்டங்களை ஒதுக்கிவிடுவார்கள். 2008இல், ஹவாயிலிருந்து வந்து ஹூலா நடனம் ஆடும் டலூலா என்று ஒரு வாக்கியத்தையே பெயராகச் சுமந்த சிறுமிக்கு, அதை மாற்றிக்கொள்ள நீதிமன்றமே வழி செய்தது. உங்கள் பட்டியலில் உள்ள 'இளவரசன்' பொருள் புரியாததால் தப்பிவிடலாம்.

இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் இந்த விஷயத்தில் நம் கட்சி. அவர்கள் மொழியில் குறில் நெடில் உண்டு. ஆங்கிலப் பெயர் வந்தால் தம் நாக்குக்குத் தக்கபடி வளைத்துக்கொண்டார்கள். வில்லியம் அவர்களுக்கு விரெமு, ஜேம்ஸ் ஹேமி. பாளையங்கோட்டை யாக்கோபு சாரும் பைபிள் வழியாக வேறு உருவில் நம்மிடம் வந்த ஜேம்ஸ்தானே.

இங்கே பிரசவம் பார்க்க மருத்துவச்சியை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். எங்களுக்கு வாய்த்தவர் தெற்குக் கோடியில் சவுத்லாந்து வட்டாரத்துக்காரர், கோர் என்ற ஊர். 1848இல் ஸ்காட்லாந்துக்காரர்கள் வந்து டனீடன் நகரை நிறுவி, பிறகு இன்னும் தெற்கே பரவினார்கள். நாடு முழுக்கத் தொலைத்த ரகரத்தை அந்தப் பக்கத்து ஆட்கள் இன்னும் கைவிடவில்லை. அவர் 'பர்ப்பிள்' என்றால் நாக்கு உள்ளே மடிவது காதுக்கே தெரியும்.

பட்டியலின் அடியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகப் பென்சிலால் 'மகிழ்' என்று எழுதியிருந்தீர்களே! ழகரத்துக்கு இசட்டும் எச்சும் போடும் நம் வழக்கத்தில் 'யாழினி' இங்கே 'யாஸினி' ஆவதால், ஆர் போட்டு எழுதிக் காட்டினேன். அலுவலகத்தில் 'மாகா' என்று படித்தார்கள். மருத்துவச்சி அம்மாள் படித்தாரே, ஏறக்குறைய உங்கள் ழகரம்! நீங்கள் பிரம்பால் வரவழைக்கப் பார்த்து, எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு வராமலே போனது.

அநேகமாக அதுதான் பெயர். பெரியம்மாவை ஒருதரம் சொல்லச்சொல்லி வாட்ஸாப்பில் அனுப்புங்கள். வாளப்பளம், கோளிக்கொளம்பு என்று சொல்பவள் 'மகிள்' என்றுதான் சொல்வாள். நீங்கள் பக்கத்திலிருந்து திருத்தாதீர்கள். அவளுக்குக் கோபம் வந்தால் தானே ஒரு பட்டியல் போடுவாள், அது சுடலைமாடனில் தொடங்கும்.

அன்புடன்,
செந்தில்