சும்மா நடக்கும் தேசம்

நம் ஊரில் ஒருவர் நடக்கிறார் என்றால் பஸ் போய்விட்டது என்று அர்த்தம். இல்லாவிட்டால் டாக்டர் சொல்லியிருக்க வேண்டும், அல்லது பழனிக்கு வேண்டுதல் இருக்க வேண்டும். ஒரு காரணமும் இல்லாமல், காசு கொடுத்து ரயிலேறிப் போய், மழையிலும் சேற்றிலும் நடந்துவிட்டு, அதே ரயிலில் சந்தோஷமாகத் திரும்பி வருகிற ஜனங்களை நான் இங்கிலாந்தில்தான் பார்த்தேன். பார்த்ததோடு நிற்காமல் அவர்களோடு சேர்ந்தும் விட்டேன்.

இதை மதுரையில் இருக்கும் அம்மாவுக்கு விளக்குவதுதான் கஷ்டம்.

"ஞாயித்துக்கிழமை போனை எடுக்கவே இல்ல, எங்கடா போன?"

"சும்மா நடக்கப் போனேம்மா."

"எதுக்கு?"

"சும்மாதான்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "மறைக்காம சொல்லு, சுகர் வந்துருச்சா?"

எங்கள் நடைக்குழு அடிக்கடி போவது லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும் பாக்ஸ் ஹில் என்ற குன்றுக்கு. 224 மீட்டர் உயரம். வெயில் காலத்தில் அங்கே திருவிழாக் கூட்டம். அதனாலேயே எங்கள் குழு நவம்பரில் ஆரம்பித்து மார்ச் வரை போகும். குழுத் தலைவி எழுபதைத் தாண்டியவர். கொட்டுகிற மழையை "லேசா ஈரம்" என்பார். ஆளைத் தள்ளுகிற காற்று அவருக்கு "நல்ல காற்று". அவரே "இன்று கொஞ்சம் சுமார்தான்" என்று சொன்னால், நான் உடனே அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று பார்ப்பேன்.

குன்றின் அடியில் மோல் என்று ஓர் ஆறு. அதைக் கடக்கப் பதினேழு கற்களை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். 1946-இல் இவற்றைத் திறந்துவைக்க வந்தவர் அன்றைய பிரதமர் அட்லி. பதினேழு கல்லுக்கு ஒரு பிரதமர்! நம் பக்கம் என்றால் கல்வெட்டு கற்களைவிடப் பெரிதாக இருந்திருக்கும். விசேஷம் என்னவென்றால், குளிர்கால மழையில் ஆறு பெருகிவிட்டால் பதினேழும் தண்ணீருக்குள் போய்விடும். பக்கத்திலேயே நல்ல பாலம் இருக்கிறது. இருந்தாலும் எல்லோரும் முதலில் கரைக்குப் போய், கற்கள் தெரியவில்லை என்பதை நேரில் உறுதி செய்துகொண்டு, திருப்தியோடு பாலத்துக்குத் திரும்புவார்கள்.

மேலே ஏறினால் லாபிலியேர் என்ற மேஜரின் நினைவுக்கல் வரும். 1800-இல் அவரைத் தலைகீழாகப் புதைத்தார்கள், அவர் விருப்பப்படியே. உலகம் தலைகீழாகக் கிடக்கிறது, என்றாவது ஒருநாள் அது புரளும்போது தாம் மட்டும் நேராக நிற்கலாம் என்பது அவர் கணக்காம். ஜனவரி மழையில் வழுக்குகிற சுண்ணாம்புச் சரிவில் ஏறி, அந்தக் கல்லருகே மூச்சுவாங்க நிற்கும்போது அவர் கணக்கில் தப்பு எதுவும் எனக்குத் தெரிவதில்லை.

குன்றுக்குத் தெற்கே போனால் களிமண் பூமி. அங்கே கால் வரும், பூட்ஸ் வராது. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, நனையாத சாக்ஸை அந்தரத்தில் வைத்தபடி, சேற்றிலிருந்து பூட்ஸை இரு கையாலும் பிடுங்குகிற வேளையில்தான் எதிரே ஒருவர் நாயோடு வருவார். "குட் மார்னிங்" என்பார். ஒற்றைக் காலில் நின்றபடியே பதில் சொல்ல வேண்டும். அதுதான் மரியாதை. கடைசியில் பப் வாசலில் கழற்றிவைத்த பூட்ஸ்களைப் பார்த்தால், கிருத்திகை அன்று முருகன் கோயில் வாசலேதான்.

நாங்கள் நடக்கிற பாதைகளில் பல யாரோ ஒரு விவசாயியின் வயலுக்கு நடுவே போகிறவை. ஆனாலும் அவர் நம்மைத் தடுக்க முடியாது. விதைப்பதற்காகப் பாதையை உழுதால் பதினான்கு நாளில் மறுபடி சீராக்கித் தர வேண்டும். காளைக்கும் சட்டம் இருக்கிறது. பத்து மாதத்துக்கு மேற்பட்ட பால் இனக் காளையைப் பாதையுள்ள வயலில் விடக்கூடாது. இறைச்சி இனக் காளையை விடலாம், ஆனால் கூடவே பசுக்கள் இருக்க வேண்டும். குடும்பஸ்தன் முட்டமாட்டான் என்ற நம்பிக்கை! குளிர்காலத்தில் மாடுகள் பெரும்பாலும் கொட்டகையில் இருப்பதால் எனக்குக் கவலையில்லை. வசந்தம் வந்து அவை வெளியே வரும்போதுதான், "நீ ஜல்லிக்கட்டு ஊர்க்காரன்தானே, முன்னால் போ" என்பார்கள். அலங்காநல்லூரிலேயே நான் கேலரியில் உட்கார்ந்து பார்த்தவன் என்பதை இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை.

இத்தனைக்கும் கூலி பிப்ரவரியில் கிடைக்கும். மரங்களெல்லாம் மொட்டையாக நிற்க, அடியில் ஸ்னோடிராப் பூத்திருக்கும். ஒரு சாண்கூட உயரமில்லாத செடி, குனிந்த வெள்ளைப் பூ. உள்ளிதழ் நுனியில் ஒரு பச்சைத் தீற்றல் உண்டு. அதைப் பார்க்க வேண்டுமானால் நாம் அதைவிடக் கீழே குனிய வேண்டும். எங்கள் தலைவி சேறு என்றும் பாராமல் மண்டியிட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகு நாங்கள் முழங்கால் வலி என்று யாரிடம் சொல்வது? மார்ச்சில் டாஃபடில்கள் மஞ்சளாக வரும். அந்த மாதக் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே கடையைக் கட்டிய சூரியன் அன்று மாலை கிட்டத்தட்ட ஏழரை வரை இருக்கும்.

இந்தச் சும்மா நடக்கிற உரிமை சும்மா வந்ததல்ல. 1932 ஏப்ரல் 24 அன்று கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டில், வேட்டைக்காகப் பூட்டிவைத்திருந்த தனியார் நிலத்துக்குள் நூற்றுக்கணக்கானோர் வேண்டுமென்றே நுழைந்து நடந்தார்கள். பலர் மான்செஸ்டர் பக்கத்து இளம் தொழிலாளர்கள். காவலாட்களோடு கைகலப்பு ஏற்பட்டு, ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949-இல் வந்த சட்டம் நடைபாதைகளை அதிகாரபூர்வ வரைபடத்தில் ஏற்றச் சொன்னது. இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக இப்படிப்பட்ட பொதுவழி சுமார் 2,25,000 கிலோமீட்டர் இருக்கிறது. நடந்து போகக் காரணம் கேட்காத சட்டம் அது. காரணம் கேட்பது நம் வீட்டில் மட்டும்தான்.

ஆகவே, டிசம்பரில் லண்டனுக்குப் பிள்ளைகளைப் பார்க்க வந்து, ஹீட்டர் பக்கத்தில் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு ஞாயிற்றுக்கிழமை புளியோதரை கட்டிக்கொண்டு கிளம்புங்கள். கணுக்கால் வரை மூடுகிற பூட்ஸ் போடுங்கள், மாற்று சாக்ஸ் இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள், காலை பத்துக்கே நடக்க ஆரம்பித்துவிடுங்கள். எதற்கு நடக்கிறீர்கள் என்று வழியில் யாரும் கேட்கமாட்டார்கள்.