சிறந்த தரம், நியாயமான விலை, அப்பறம்?

உன்ற கடுதாசி மூணையும் படிச்சேன் கண்ணு. ஒரே மூச்சுல முடிஞ்சு போச்சு. நடுவுல நின்னு ரோசனை பண்ண வேண்டிய எடம் ஒண்ணுகூட இல்ல பாரு, அது ஒரு சௌரியம்.

உங்கம்மா போன்ல பெருமையாத்தான் சொன்னா. பம்பு கம்பெனிப் பேருல மாசாமாசம் எழுதி டீலருக்கும் மெக்கானிக்குக்கும் அனுப்பறயாமா. இப்பக் கொஞ்ச நாளா விஷயம் கெடைக்காம நின்னு போச்சாமா. அப்புச்சி எதாச்சும் ரோசனை சொல்லோணுமாமா. நானென்ன எழுத்தாளனா? கோயமுத்தூர் கணபதியில லேத்து ஓட்டின ஆளு. ஆனா உன்ற கடுதாசி போய்ச் சேர்றது என்னாட்ட ஆளுங்களுக்குத்தானே, அதனால சொல்றேன்.

"சிறந்த தரம், நியாயமான விலை, வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் லட்சியம்." நல்லாத்தான் இருக்குது. ஆவாரம்பாளையத்துல ஆரம்பிச்சு சத்தி ரோடு முழுக்க இதே வாக்கியத்தப் போர்டு போர்டாப் பாத்துட்டுத்தான் நான் வயசானேன். மோசமான தரம், அநியாய வெலைன்னு எந்தப் பட்டறைக்காரனாச்சும் எழுதி வெச்சிருந்தா சைக்கிள நிறுத்திட்டு எறங்கிப் படிச்சிருப்பேன்.

ரெண்டாவது கடுதாசியில 1937ல ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேந்து மோட்டார் செஞ்ச கதைய எழுதியிருக்கற. நெசந்தான், ஊருக்கே பெருமைதான். கோயமுத்தூர்ல மோட்டார் விக்கற அத்தன பேரும் அதுலதான் ஆரம்பிக்கறாங்க. ஆனா அது அவங்க செஞ்ச மோட்டாரு கண்ணு. உன்ற மோட்டாரு பல்லடத்துக்காரன் தோட்டத்துல ஏன் ரெண்டாந் தடவையும் காயில் போச்சுன்னு அந்தக் கதையில எங்கயுமே வல்லையே?

கடுதாசி போக மிச்சமெல்லாம் வாழ்த்து அட்டை. பொங்கலுக்கு ஒண்ணு, ஆயுத பூசைக்கு ஒண்ணு, உலகத் தண்ணீர் தினத்துக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணுலயும் ஓரத்துல கையக் கட்டிட்டு நிக்கற உன்ற போட்டோ. பொண்ணு பாக்கறதுக்குன்னா அந்தப் போட்டோ போதும். போர் போட்டவனுக்குப் பத்தாது.

எழுத விஷயமில்லைங்கறயே, உன்ற ஆபீசுல சர்வீஸ் போன் எடுக்கற புள்ள மேசையில ஒரு நோட்டு கெடக்குது, எப்பவாச்சும் தொறந்து பாத்தயா? பாத்திருக்க மாட்ட. ஏ.சி. ரூமுக்கும் அந்த மேசைக்கும் நடுவுல கண்ணாடிக் கதவல்ல இருக்குது. போன வாட்டி வந்தப்ப உங்கொப்பனுக்காகக் காத்துட்டு உக்காந்திருந்த நேரத்துல நான் அதைப் படிச்சேன். "மோட்டார் ஓடுது, தண்ணி வல்ல." "தண்ணி எச்சா வருது, ஆனா ஸ்டார்ட்டர் ட்ரிப் ஆகுது." "ஆயிரம் அடி போரு, எத்தன எச்.பி. போடோணும்?" பக்கம் பக்கமா இருக்குது. அந்தப் புள்ள ஒவ்வொருத்தருக்கும் பொறுமையா வெளக்கம் சொல்றா. ஒரே வெளக்கத்தக் காலையில அன்னூர்க்காரனுக்கும் மத்தியானம் அவிநாசிக்காரனுக்கும் சொல்றா. நீ அடுத்த ரூமுல உக்காந்துட்டு என்ன எழுதறதுன்னு மோட்டுவளையப் பாக்கற.

அந்த ஆயிரம் அடிக்காரனையே எடுத்துக்க. போரு ஆயிரம் அடின்னா ஹெட்டும் ஆயிரம் அடின்னு நெனச்சுக்கறான். போரோட ஆழம் வேற, தண்ணி நிக்கற மட்டம் வேற. மோட்டார் ஓட ஓட மட்டம் எங்க எறங்கி நிக்குதோ, அங்கிருந்து தொட்டி வரைக்கும் இருக்கற ஒசரம், அதோட பைப்புல உரசிப் போற நஷ்டம், ரெண்டையும் கூட்டினாத்தான் ஹெட்டு. இது உனக்குத் தெரியும், காலேஜுல படிச்ச. அவனுக்குத் தெரியாது. நீ கேட்டலாக்ல மீட்டர்ல போட்டிருக்கற, அவன் அடியில கேக்கறான். ஒரு மீட்டருக்கு 3.28 அடின்னு எங்கயாச்சும் ஒரு வரி உண்டா? "புரட்சிகரமான தொழில்நுட்பம்"னு மட்டும் பக்கத்துக்குப் பக்கம் உண்டு.

தண்ணி எச்சா வருதுன்னவன் கதை இன்னும் ருசி. 100 மீட்டர் ஹெட்டுக்குன்னு செஞ்ச பம்ப மட்டம் மேல இருக்கற கெணத்துல போட்டு 50 மீட்டர்ல ஓட்டறான். தண்ணி பீறிட்டு வருது. ஊரெல்லாம் உன்ற கம்பெனியப் புகழ்ந்துட்டுத் திரியறான். நம்ம சப்மெர்சிபிள்ல பெரும்பாலானது அப்படி ஓட்டினா எச்சாத் தண்ணி தள்ளித் தள்ளி ஆம்பியர் ஏறிக்கும். ட்ரிப் ஆகறத நிறுத்தோணும்னு ஸ்டார்ட்டர்ல செட்டிங்க ஏத்தி வெக்கறான். காயில் கருகுது. அப்பறம் புகழ்ந்த ஊர் பூராவும் மறுக்காப் போய்த் திட்டறான். இந்த ஒரு சங்கதிய ஒரு பக்கத்துல எழுதி, கேட்டலாக்ல போட்டிருக்கற ஹெட்டு ரேஞ்சுக்குக் கீழ ஓட்டாதீங்கன்னு சொல்லியிருந்தா, மெக்கானிக்கு அதை மடிச்சுச் சட்டைப் பையில வெச்சிருப்பாரு. வாழ்த்து அட்டைய எங்க வெச்சிருப்பாருன்னு நான் சொல்லோணுமா?

இதையெல்லாம் எழுதினா நம்ம மோட்டார் கருகும்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமேன்னு உங்கொப்பன் கேப்பாரு. மாப்பிள்ளை கேட்டா மரியாதையாத்தானே பதில் சொல்லோணும்? கருகறது அவனுக்கு ஏற்கனவே தெரியும்ங்க மாப்பள, ரீவைண்டிங் கடையில காசு கட்டிட்டுத்தான் வந்து நிக்கறான். ஏன் கருகுச்சுன்னு தெரியறதுதான் பாக்கி.

இன்னொரு புதையலும் உங்க பீரோவுல தூங்குது. சிட்டார்க் டெஸ்டிங் லேபுல பம்ப ஓட்டிப் பாத்து ஹெட்டு, டிஸ்சார்ஜு, கரண்டுன்னு எழுதிக் குடுத்த ரிப்போர்ட்டு. சப்மெர்சிபிளுக்கு ஐ.எஸ். 8034ன்னு ஒரு தரம் வெச்சிருக்கறாங்க. அந்த நம்பரப் பெட்டியில அச்சடிக்கற நீ, அதுல என்னென்னத்தப் பாத்து முத்திரை குடுக்கறாங்கன்னு வாங்கறவனுக்கு ஒரு நாளாச்சும் சொன்னயா? "உலகத் தரம்"னு சொல்லியிருக்கற. எந்த ஒலகம்னு சொல்லல.

அப்பறம் இந்த வுட்டு வுட்டு எழுதற பழக்கம். வேகம் வந்தா ஒரே வாரத்துல நாலு கடுதாசி, வேகம் போனா தீவாளி வரைக்கும் ஆளக் காணோம். பொள்ளாச்சி மாட்டுச் சந்தை செவ்வாயும் வியாழனும் கூடுது. மாடு எச்சா வந்தாலும் அன்னிக்குத்தான், கொறைச்சலா வந்தாலும் அன்னிக்குத்தான். மாடு வாங்க வர்றவன் சந்தை உண்டுங்களான்னு போன் போட்டுக் கேட்டுட்டா வண்டி ஏறறான்? நீயும் பத்தாந் தேதின்னா பத்தாந் தேதின்னு வெச்சுக்க. ஒரு பக்கம் போதும், ஒரு கேள்வி, ஒரு பதில். ரெண்டு மாசத்துச் சரக்கு எப்பவும் முன்கூட்டி எழுதிக் கையில இருக்கோணும். போனஸ் கணக்கு, ஜி.எஸ்.டி., கொடிசியாவுல எக்ஸிபிஷன், ஒறம்பரை ஊட்டுக் கல்யாணம், எதாச்சும் ஒண்ணு ஒம்பதாந் தேதி பாத்துத்தான் வரும்.

வருசத்துக்கு என்ன எழுதறதுன்னு திட்டம் போடறதுக்கு மெட்ராசுல இருந்து ஆள் கூட்டிட்டு வரப் போறயாமா. எதுக்கு? செவுத்துல காலண்டர் தொங்குது. சித்திரை வைகாசியில மட்டம் எறங்கும், ஹெட்டப் பத்தி எழுது. ஐப்பசியில இடி மின்னல், எர்த்தப் பத்தி எழுது. மழை நல்லாப் பேஞ்சா மோட்டார் மாசக்கணக்குல சும்மா கெடந்து பூட்டிக்கும், நடுநடுவுல சித்த நேரம் ஓட்டி வுடச் சொல்லு. மூணு பேஸ்ல ரெண்டு மாறிப் போனா மோட்டார் எதிர்ப்பக்கம் சுத்தும், அந்த "ஓடுது, தண்ணி வல்ல"ங்கறவனுக்கு மொதல்ல அதைப் பாக்கச் சொல்லி எழுது. லோ வோல்டேஜுக்கு மாசமே பாக்க வேண்டாம், எப்ப எழுதினாலும் பொருந்தும்.

"கன்டென்ட்டு"ங்கறது என்னமோ நீயும் உன்ற சிநேகிதக்காரனும் போன வருசம் கண்டுபுடிச்ச மாதிரி பேசிக்கறீங்க. ஜான் டீர் டிராக்டர்காரங்க அமெரிக்காவுல 1895லயே "தி ஃபர்ரோ"ன்னு வெவசாயப் பத்திரிகை ஆரம்பிச்சுட்டாங்க. அன்னிக்கு அவங்க டிராக்டரே செய்யல, கலப்பை வித்துட்டிருந்தாங்க. இன்னைக்கும் அது வருது. உள்ள பெரும்பாலும் வெவசாயி கதைதான், வெலப்பட்டியல் இல்ல. அவ்வளவு தூரம் போவானேன்? நம்ம பொள்ளாச்சி மகாலிங்கம் அய்யா சக்கரை ஆலை நடத்திட்டே "கிசான் வேர்ல்ட்"னு வெவசாயத்துக்கு ஒரு மாசப் பத்திரிகை, "ஓம் சக்தி"ன்னு தமிழ்ல ஒண்ணுன்னு நடத்தினாரு. வெவசாயி நாலு சங்கதி தெரிஞ்சுக்கிட்டா ஆலைக்கு நட்டமில்லைன்னு அவருக்குக் கணக்குத் தெரியும். பி.எஸ்.ஜி. டெக்குல மொத பிரின்சிபாலா இருந்த ஜி.ஆர். தாமோதரன், "கலைக்கதிர்"னு அறிவியலத் தமிழ்லயே மாசாமாசம் போட்டாரு. அன்னைக்கு அதுக்குச் சொல்லே பாதி கெடையாது, சொல்லையும் தேடிக்கிட்டு எழுதோணும்.

தூரன் கதை தெரியுமா உனக்கு? பெரியசாமித் தூரன், ஈரோட்டுப் பக்கத்துக்காரரு, கோயமுத்தூர் ராமகிருஷ்ண வித்யாலயத்துல வாத்தியாரா இருந்தவரு. தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு அவருதான் தலைமை ஆசிரியரு. மொதத் தொகுதி 1954ல வந்துச்சு, பத்தாவது 1968ல. ஊர்ல இருக்கற பண்டிதருங்க, டாக்டருங்க, விஞ்ஞானிங்க அத்தன பேரு கிட்டயும் கட்டுரை கேட்டு வாங்கி, திருத்தி, அச்சுக்கு அனுப்பின மனுசன். இந்த மாசம் மூடு இல்லைன்னு அவரு யாருக்காச்சும் சொன்னதா நான் கேள்விப்படல. உனக்கு மாசத்துக்கு ஒரு பக்கம்.

கம்ப்யூட்டர்ல கேட்டா அதுவே எழுதித் தருதுங்கற. தெரியுது. உன்ற மூணாவது கடுதாசி மொத வரியிலயே தெரிஞ்சு போச்சு. "இன்றைய வேகமான உலகில்"னு ஆரம்பிக்குது. வேகமான ஒலகமா? சாயந்தரம் ஆறு மணிக்கு டெக்ஸ்டூல் பாலத்துக்கிட்ட வந்து நின்னு பாரு. கம்ப்யூட்டர வேண்டாங்கல. எழுத்துப் பிழை திருத்தக் குடு, நீளத்த வெட்டக் குடு. ஆனா அன்னூர்க்காரன் போன்ல என்ன சொல்லி அழுதான்னு அதுக்கு எப்படித் தெரியும்? அதுக்கு அந்த நோட்டையாச்சும் காட்டோணுமல்ல. நீயே இன்னும் பாக்கல.

எழுதி முடிச்சா அனுப்பறதுக்கு முன்னால ரீவைண்டிங்காரரு கிட்ட டீக்கடையில வெச்சுப் படிச்சுக் காட்டு. அவரு டீயக் கீழ வெச்சுட்டு, "அது அப்படி இல்லீங் தம்பி"ன்னு சண்டைக்கு வந்தாருன்னா கடுதாசி உருப்படி, அவரு சொல்றதையும் சேத்தி எழுதி அனுப்பு. டீயக் குடிச்சுட்டே "ரொம்ப நல்லா இருக்குதுங்"ன்னா கிழிச்சுப் போட்டுரு. நம்மூர்ல மூஞ்சிக்கு நேரா நல்லால்லைன்னு ஆருஞ் சொல்ல மாட்டாங்க. இங்கிலீஷ்ல எழுதறதா தமிழ்ல எழுதறதாங்கறதையும் அவரே தீத்து வெச்சுருவாரு. வெளிநாட்டு ஆர்டருக்காரனுக்கு வேணும்னா தனியா இங்கிலீஷ்ல ஒண்ணு எழுதிக்க.

உன்ற பெரிய பயத்தையும் உங்கம்மா சொன்னா. நுணுக்கமெல்லாம் எழுதிட்டா எதிர்த்த பட்டறைக்காரன் காப்பியடிச்சுருவானாமா. கணபதியில ரகசியமா? நீ காலையில டீ குடிக்கறப்ப பேசின வெல, மத்தியானம் மூணாவது சந்துல ஜாப் ஆர்டர் பண்றவன் வரைக்கும் போயிருது. உங்கிட்ட வேலைய வுட்டு நின்ன பிட்டர் காசிக்கா போனான்? காப்பியடிக்கட்டும் வுடு. அடுத்த கடுதாசி ஏன் இன்னும் வல்லைன்னு உன்ற டீலருக்கு முந்தி அவந்தான் கேப்பான். பத்தாந் தேதி அவனுக்கும் ஒண்ணு அனுப்பிச்சுரு, தபால் செலவ மட்டும் அவங்கிட்டயே வாங்கிக்க.